நிக்கல் அலாய் எத்தனை டிகிரி தாங்கும்? சூட்டுல வர்ற அரிப்பு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்னஸ் பார்ட், பர்னர், ரேடியன்ட் டியூப், டர்பைன் பிளேடுன்னு நிக்கல் அலாயோட (நிக்கலோட வேற உலோகங்கள் கலந்த கலப்பு உலோகம்) மல்லுக்கட்டறவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விங்க இதெல்லாம். பெரும்பாலும் "எத்தனை டிகிரி தாங்கும்?"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. சுத்தி என்ன கேஸ் இருக்கு, மேல என்ன சாம்பல் படியுது, எத்தனை தடவை ஆறி ஆறி சூடாகுது, இதெல்லாம் தெரியாம அதுக்கு ஒரு நம்பர் சொல்றது ஜோசியம் சொல்ற மாதிரி தான். கீழ டிகிரின்னு வர்றதெல்லாம் செல்சியஸ்.

நிக்கல் இருக்கறதால தானே இந்த அலாய் அரிக்காம நிக்குது?

பாதி தான் சரி. சுத்தமான நிக்கலை 1000 டிகிரில காத்துல வெச்சா அது நல்லாவே ஆக்சைடு ஆகும், மேல நிக்கல் ஆக்சைடு லேயர் தடிச்சுக்கிட்டே போகும். காப்பாத்தறது கூட சேர்க்கற குரோமியமும் அலுமினியமும் தான். அதுங்க ஆக்சிஜனோட சேர்ந்து மேல ஒரு மெல்லிசு லேயர் போடும், குரோமியம் ஆக்சைடு இல்லன்னா அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. அது வழியா ஆக்சிஜன் உள்ள போறதும் மெட்டல் வெளிய வர்றதும் ரொம்ப ரொம்ப மெதுவா நடக்கும். லேயர் தடிக்கத் தடிக்க இன்னும் மெதுவாகும். கார்ல் வாக்னர் 1933ல இதுக்குக் கணக்கு போட்டுக் குடுத்தார்: தடிமன் ரெண்டு மடங்காக நேரம் நாலு மடங்கு வேணும். லேயர் உடையாம ஒட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் தான் இந்தக் கணக்கு செல்லும்.

அதனால அரிப்பைத் தடுக்கறதுன்னா அந்த லேயரைக் காப்பாத்தறதுன்னு வெச்சுக்கோங்க. எது அந்த லேயரை உடைக்குது, எது கரைக்குது, எது ஆவியாக்குதுன்னு பாத்தாலே பாதி கேள்விக்குப் பதில் வந்துடும்.

அப்போ நிக்கல் எதுக்கு? இரும்புல குரோமியம் போட்டா போதாதா?

பல இடத்துல போதும், அங்க இரும்பே போடுங்க, காசு மிச்சம். காத்துல வெறும் ஹீட்டிங் எலிமென்ட் தான் வேணும்னா இரும்பு-குரோமியம்-அலுமினியம் கம்பி 1400 டிகிரி சுமார் வரைக்கும் ஓடும், 80 பங்கு நிக்கல் 20 பங்கு குரோமியம் இருக்கற நிக்ரோம் 1200 சுமார்லயே நின்னுடும். ஆனா அந்த இரும்புக் கம்பி சூட்டுல மெழுகா தொய்ஞ்சிடும், கொஞ்ச நாள் ஓடினதும் ஆறின நிலைல தொட்டா உடையும்.

நிக்கலோட பலம் வேற. 1455 டிகிரில உருகற வரைக்கும் அதோட படிக அமைப்பு மாறவே மாறாது, இரும்பு 912 டிகிரில மாறும். குரோமியம், மாலிப்டினம், டங்ஸ்டன், கோபால்ட்னு நிறையவே போட்டாலும் நிக்கல் பெரிய மனசோட கரைச்சு வெச்சுக்கும். அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்தா உள்ள காமா பிரைம்னு ஒரு கெட்டியான துகள் உருவாகும், அது சூட்டுல லோடு தாங்கறதுக்கு. கார்பனும் நைட்ரஜனும் நிக்கல்ல லேசுல ஊறாது. சூடு, லோடு, அரிப்பு மூணும் ஒண்ணா வந்தா தான் நிக்கலுக்குக் குடுக்கற காசு நியாயம்.

குரோமியம் எவ்வளவு இருந்தா போதும்?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நிக்கல்ல கொஞ்சூண்டு குரோமியம், சில சதவீதம், சேர்த்தா ஆக்சிடேஷன் குறையாது, சுத்த நிக்கலை விட வேகமாவே போகும். ஏன்னா அந்தக் கொஞ்ச குரோமியம் தனியா லேயர் போடப் பத்தாது, நிக்கல் ஆக்சைடுக்குள்ள போய் உக்காந்து அங்க காலி இடங்களை அதிகமாக்கும், நிக்கல் வெளிய வர வழி இன்னும் சுலபமாகும். மிச்சம் இருக்கறது அலாய்க்குள்ளயே துண்டு துண்டா ஆக்சைடா மாறிப் போகும். 20 சதவீதம் கிட்ட வந்தா தான் விட்டுப்போகாத ஒரே லேயரா நிக்கும். 1906ல ஆல்பர்ட் மார்ஷ் பேட்டன்ட் எடுத்த நிக்ரோம்லயே அந்த 80-20 வந்துடுச்சு, இன்னைக்கும் ஹீட்டர்ல அதே அளவு தான் ஓடுது.

ஆனா 20ங்கறதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. இன்கோனல் 600ங்கற நிக்கல் அலாய்ல குரோமியம் 14ல இருந்து 17 தான், அது ஃபர்னஸ்ல காலம் காலமா ஓடுது. 601ல 21ல இருந்து 25, கூடவே 1ல இருந்து 1.7 சதவீதம் அலுமினியம், அதனால அதே ஃபர்னஸ்ல 601 இன்னும் சூட்டுக்குப் போகும். சாம்பல்ல வனேடியம் இருந்தா 50 சதவீதம் குரோமியம் போட்ட அலாயே தனியா வார்க்கறாங்க.

குரோமியம் லேயர் நல்லதா, அலுமினா லேயர் நல்லதா?

சூடு எவ்வளவுங்கறதைப் பொறுத்தது. 900, 950 வரைக்கும் குரோமியம் ஆக்சைடு தாராளமா போதும், அது சீக்கிரம் உருவாகும், எங்கயாவது உடைஞ்சாலும் சீக்கிரம் மூடிக்கும். 1000 தாண்டினா அதுக்கு ஒரு கெட்ட பழக்கம் வரும், ஆக்சிஜனோட இன்னும் சேர்ந்து ஆவியாகிப் பறந்துடும். கேஸ் வேகமா அடிச்சா இன்னும் மோசம், ஆவியானதை அப்பப்போ தள்ளிக்கிட்டே போகும். நீராவி கலந்திருந்தா 1000 வரைக்கும் கூட காத்திருக்காது, அதுக்கு ரொம்பக் கீழயே ஆரம்பிச்சுடும். எரிஞ்ச புகைன்னா அதுல நீராவி இருக்கத்தான் செய்யும், இதை ரொம்பப் பேர் கணக்குல எடுக்கறதே இல்ல.

அலுமினா ஆவியாகாது, 1000க்கு மேலயும் ரொம்ப மெதுவா தான் வளரும். ஹெய்ன்ஸ் 214ன்னு ஒரு அலாய் இருக்கு, 16 சதவீதம் குரோமியம், 4.5 சதவீதம் அலுமினியம், துளி இட்ரியம், அலுமினாவை நம்பியே செஞ்சது. சிக்கல் எங்கன்னா கீழ் சூட்டுல நல்ல வகை அலுமினா சரியா உருவாகாது, அலுமினியம் ஏறினா அலாயை உருட்டறதும் வெல்ட் பண்றதும் கஷ்டம். குரோமியம் கூட இருந்தா கம்மி அலுமினியத்துலயே அலுமினா லேயர் வந்துடும், அதனால தான் ரெண்டையும் சேர்த்தே போடறாங்க.

கேட்டலாக்ல அதிகபட்ச டெம்பரேச்சர் போட்டிருக்கே, அதை நம்பலாமா?

அந்த நம்பர் பெரும்பாலும் சுத்தமான காத்துல எடுத்தது. அதுலயும் தொடர்ந்து சூட்டுல வெச்சா ஒரு நம்பர், ஆறி ஆறி சூடானா வேற நம்பர். ஸ்டெயின்லெஸ் 310க்கு வழக்கமா குடுக்கறது தொடர்ந்துன்னா 1150, விட்டு விட்டுன்னா 1035. நூறு டிகிரிக்கு மேல வித்தியாசம்!

காரணம் என்னன்னா மெட்டலும் ஆக்சைடும் ஒரே அளவு விரியாது. நிக்கல் அலாய் விரியறதுல ஏறத்தாழ பாதி தான் அலுமினா விரியும். சூட்டுல உருவான லேயர் ஆறும்போது மெட்டல் அதிகமா சுருங்கும், லேயர் நசுங்கி நெளிஞ்சு செதில் செதிலா உதிரும். உதிர்ந்த இடத்துல புது லேயர் போட அலாய் தன்கிட்ட இருக்கற குரோமியத்தையோ அலுமினியத்தையோ எடுத்துத் தரணும். இது பேங்க் பேலன்ஸ் மாதிரி, ஒவ்வொரு தடவை உதிரும்போதும் கொஞ்சம் எடுக்கறீங்க, போடறதுக்கு ஆள் இல்ல. தீர்ந்துச்சுன்னா நிக்கலே ஆக்சைடு ஆக ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் கிடுகிடுன்னு போயிடும். மெல்லிசு ஷீட்ல பேலன்ஸே கம்மி, அதனால ஒரே அலாய் 6 மில்லிமீட்டர் பிளேட்ல வருஷக்கணக்குல நிக்கும், அரை மில்லிமீட்டர் ஷீட்ல சீக்கிரமே ஓட்டையாகும். கேட்டலாக் இதைச் சொல்லாது.

சப்ளையர் டெஸ்ட் ரிப்போர்ட் குடுத்தா அது ஒரே சூட்டுல வெச்ச டெஸ்ட்டா, ஆறி ஆறி சூடாக்கற சைக்கிள் டெஸ்ட்டான்னு முதல்ல பாருங்க. எடை ஏறினதை மட்டும் போட்டிருந்தா அதுவும் ஏமாத்தும், ஆக்சைடு உதிர்ந்து எடை குறைஞ்சதும் ஆக்சிஜன் சேர்ந்து எடை ஏறினதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி காட்டும். எத்தனை மைக்ரான் மெட்டல் போச்சு, உள்ள எவ்வளவு ஆழம் கெட்டுப்போச்சுன்னு வெட்டிப் பாத்த ரிப்போர்ட் தான் உருப்படியானது.

இட்ரியம், லாந்தனம், சீரியம்னு 0.02 சதவீதம் போடறாங்களே, அது என்ன சும்மா பேருக்கா?

பேருக்கு இல்ல, இந்தத் துறைல கம்மி காசுல பெரிய பலன் தந்தது எதுன்னு கேட்டா நான் இதைத் தான் சொல்வேன். அரிய மண் உலோகங்களைத் துளியா சேர்த்தா ஹீட்டிங் கம்பி ஆயுசு கூடுதுன்னு 1930கள்லயே கண்டுபிடிச்சு 1937ல பேட்டன்ட் ஆச்சு. ஏன்னு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. அலாய்ல எப்பவும் சில பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) சல்ஃபர் இருக்கும், அது சூட்டுல நகர்ந்து ஆக்சைடும் மெட்டலும் ஒட்டற இடத்துக்கே போய் உக்காந்து பசையைக் கெடுக்கும். இட்ரியம் மாதிரி ஆளுங்க அந்த சல்ஃபரைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். சல்ஃபரை 1 பிபிஎம்முக்கும் கீழ இறக்கின அலாய்ல இட்ரியம் இல்லாமலே அலுமினா நல்லா ஒட்டுதுன்னு பாத்தப்புறம் தான் இந்த விளக்கம் உறுதியாச்சு. ஆக்சைடு வளர்ற வேகத்தையும் இதுங்க குறைக்கும், முக்கியமா குரோமியம் ஆக்சைடுல. அதிகமா போட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க, அளவு தாண்டினா அதுவே உள்ளுக்குள்ள ஆக்சைடு முளை விட்டு ஆழமா குத்திக்கிட்டு போகும்.

சல்ஃபர் இருந்தா நிக்கல் வேண்டாம்னு சொல்றாங்களே, உண்மையா?

ஆக்சிஜன் கம்மியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி சல்ஃபர் அதிகமா இருக்கற இடத்துல உண்மை தான். நிக்கலும் அதோட சல்ஃபைடும் சேர்ந்தா சுமார் 640 டிகிரிலயே உருகிடும். இரும்புக்கு அதே விஷயம் 988 டிகிரில தான். அதனால சல்ஃபர் அதிகமான இடத்துல "நிக்கல் அதிகம் போட்டா இன்னும் நல்லது"ன்னு நினைச்சு பெரிய காசு குடுத்து வாங்கினா, அது மலிவான உயர் குரோமியம் ஸ்டீலை விட முன்னாடி போயிடும். கிரெயின் எல்லை (மெட்டலுக்குள்ள குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடம்) வழியா உருகின சல்ஃபைடு உள்ள இறங்கும், வெளிய இருந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, தட்டினா பொலபொலன்னு உதிரும்.

நிக்கல் அலாய் தான் வேணும்னா குரோமியமும் கோபால்ட்டும் சிலிக்கனும் ஏத்தின வகையைப் பாருங்க. ஹெய்ன்ஸ் எச்ஆர்-160ல குரோமியம் 28, கோபால்ட் 29, சிலிக்கன் 2.75 சதவீதம், இந்த மாதிரி இடத்துக்குன்னே செஞ்சது. ஆக்சிஜன் தாராளமா இருக்கற புகைல கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைடு இருந்தா அவ்வளவு பயம் வேண்டாம், குரோமியம் லேயர் சமாளிக்கும். பர்னர் சரியா ட்யூன் ஆகாம அங்கங்க ஆக்சிஜன் இல்லாத பாக்கெட் உருவானா தான் கதை மாறும்.

ஹாட் கரோஷன்னா என்ன? சாதாரண ஆக்சிடேஷன் தானே அதுவும்?

இல்ல, இது தனி ரகம். கடல் காத்துல வர்ற உப்புல இருக்கற சோடியமும் எரிபொருள்ல இருக்கற சல்ஃபரும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகும், அது டர்பைன் பிளேடு மேல படியும். 884 டிகிரில உருகும். உருகின உப்பு படலமா நின்னா அந்த ஆக்சைடு லேயரைக் கரைச்சுடும், லேயர் போனா கீழ வெறும் மெட்டல். காத்துல பல்லாயிரம் மணி நேரம் நிக்கற அலாய் இதுல சில நூறு மணி நேரத்துலயே போன கேஸ் எல்லாம் உண்டு.

ரெண்டு வகை சொல்வாங்க. முதல் வகை 800ல இருந்து 950 சுமார்: உப்பு உருகி, அதுல இருக்கற சல்ஃபர் மெட்டலுக்குள்ள இறங்கும், மிச்ச உப்பு காரத்தன்மை ஏறி ஆக்சைடைக் கரைக்கும், வெட்டிப் பாத்தா ஆக்சைடுக்குக் கீழ சாம்பல் நிறத்துல சல்ஃபைடு புள்ளிகள் வரிசையா தெரியும். இன்னும் சூடேறினா உப்பு ஆவியாகிடும், அதனால 1000க்கு மேல இந்தத் தொல்லை கம்மி. ரெண்டாவது வகை 650ல இருந்து 750 சுமார், இது தான் ஆளுங்களைக் குழப்பும், ஏன்னா சோடியம் சல்ஃபேட் அந்த சூட்டுல உருகவே கூடாது. புகைல சல்ஃபர் ட்ரை ஆக்சைடு இருந்தா நிக்கலோ கோபால்ட்டோ சல்ஃபேட் ஆகி அந்த உப்போட கலந்துடும், நிக்கல் சல்ஃபேட் கலவை 671 டிகிரில உருகும், கோபால்ட் கலவை 565லயே. கப்பல் டர்பைனைக் குறைஞ்ச பவர்ல ஓட்டினப்போ பிளேடுல குழி குழியா விழுந்தது இதனால தான். சூட்டைக் குறைச்சா அரிப்பு குறையும்னு நினைக்கறவங்களுக்கு இது சரியான பாடம், 850ல இருந்து 700க்கு இறக்கினா சில சமயம் ஒரு தொல்லைல இருந்து இன்னொண்ணுக்குப் போறோம், அவ்வளவு தான்.

அலாய்ல மாலிப்டினமோ டங்ஸ்டனோ அதிகமா இருந்தா இன்னொரு விபரீதமும் இருக்கு. அதோட ஆக்சைடு உப்புல கரைஞ்சு உப்பையே அமிலமாக்கும், அப்புறம் புதுசா உப்பு படியாட்டாலும் தானாவே அரிச்சுக்கிட்டு போகும். இதுக்கெல்லாம் மருந்துன்னா குரோமியம் தான் முதல்ல, அப்புறம் காத்து ஃபில்டர், சுத்தமான எரிபொருள், கம்ப்ரசரைக் கழுவறது. ஃபில்டரை மாத்த யோசிச்சுட்டு அலாயை மாத்தற ஆளுங்களைப் பாத்தா எனக்குப் புரியவே மாட்டேங்குது.

கனமான எண்ணெய் எரிக்கறோம், அதுக்கு எந்த அலாய்?

எந்த அலாயும் சுகப்படாது. அந்த எண்ணெய்ல வனேடியம் இருக்கும், எரிஞ்சா வனேடியம் பென்டாக்சைடு, 690 டிகிரி சுமாருக்கு உருகும், சோடியம் கலந்தா அதுக்கும் கீழ. இது குரோமியம் லேயர், அலுமினா லேயர்னு பாகுபாடே பாக்காது, எல்லாத்தையும் கரைக்கும். 50 நிக்கல் 50 குரோமியம் வார்ப்பு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஃபர்னஸ் டியூப் சப்போர்ட்ல அது தான் போடறாங்க. எண்ணெய்ல மெக்னீசியம் சேர்க்கறது இன்னொரு வழி, மெக்னீசியம் வனேடேட் 1000 டிகிரிக்கு மேல தான் உருகும், அதனால பொடியா நின்னு உதிர்ந்துடும். கேஸ் டர்பைன்ல எரிபொருள் வனேடியத்தை 0.5 பிபிஎம்முக்குள்ள வெக்கச் சொல்றது சும்மா இல்ல.

கார்பன் இருக்கற கேஸ்ல என்ன ஆகும்?

மூணு விதமா ஆகும், மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறாங்க.

ஒண்ணு கார்புரைசேஷன், 900, 1000ன்னு நல்ல சூட்டுல. எத்திலீன் தயாரிக்கற கிராக்கிங் டியூப்ல உள்பக்கம் கார்பன் ஊறி குரோமியத்தோட சேர்ந்து கார்பைடு ஆகிடும், டியூப் உடையற மாதிரி ஆகும், லேயர் போட குரோமியமும் இருக்காது. இங்க நிக்கல் நல்ல நண்பன், நிக்கல் ஏற ஏற கார்பன் ஊறறது குறையும். அதனால 25 குரோமியம் 35 நிக்கல்ல இருந்து 35 குரோமியம் 45 நிக்கல் டியூப்புக்குப் போனாங்க.

ரெண்டாவது மெட்டல் டஸ்டிங். இது 400ல இருந்து 800 டிகிரிக்குள்ள, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைஞ்ச கேஸ்ல. மெட்டல் பொடியா, கரியும் உலோகத் தூளுமா உதிர்ந்து போகும், குழி விழும், கேஸ் அந்தப் பொடியை அள்ளிக்கிட்டு போயிடும், ஒரு நாள் பாத்தா டியூப்ல ஓட்டை. நிக்கல் அலாய் இரும்பை விட மெதுவா போகும், ஆனா விலக்கு கிடையாது. இன்கோனல் 600 சுமார் ரகம் தான், 30 சதவீதம் கிட்ட குரோமியம் இருக்கற 690, கூட அலுமினியமும் போட்ட 693 எல்லாம் தேவலை. இங்க ஒரு தமாஷ், மேல சல்ஃபரைத் திட்டினோமே, மெட்டல் டஸ்டிங்ல துளி ஹைட்ரஜன் சல்ஃபைடு கேஸ்ல இருந்தா மெட்டல் மேல்பரப்பை மூடிக்கிட்டு கார்பனை உள்ள விடாம காப்பாத்தும்.

மூணாவது பச்சை அழுகல்னு பேர் வாங்கினது. நிக்ரோம் மாதிரி அலாய் ஆக்சிஜன் ரொம்பக் கம்மியான, கார்பன் உள்ள கேஸ்ல 800, 900 டிகிரில கிடந்தா குரோமியம் மட்டும் உள்ளயே கார்பைடாகி ஆக்சைடாகிப் போயிடும், உடைச்சுப் பாத்தா பச்சை நிறம். பாதி காத்து, பாதி பாதுகாப்பு கேஸ்னு மாத்தி மாத்தி ஓடற ஃபர்னஸ்ல வரும்.

குளோரின், குப்பை எரிக்கற பாய்லர் எல்லாம்?

சுத்தமான உலர்ந்த குளோரின்னா நிக்கல் ராஜா. இரும்பு குளோரைடு 300 டிகிரி சுமாருக்கே ஆவியாகிடும், நிக்கல் குளோரைடு அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது, அதனால சுத்த நிக்கலும் இன்கோனல் 600ம் 500 டிகிரி சுமார் வரைக்கும் நிக்கும். குப்பை பாய்லர்ல விஷயம் அவ்வளவு சுத்தமா இருக்காது, ஆக்சிஜனும் இருக்கு, சோடியம் பொட்டாசியம் துத்தநாகம் ஈயம்னு உருகற குளோரைடு சாம்பலும் இருக்கு. குளோரின் லேயருக்குக் கீழ புகுந்து மெட்டலை குளோரைடாக்கும், அது மேல வந்து ஆக்சைடாகும்போது குளோரினை விட்டுடும், அந்த குளோரின் திரும்ப உள்ள போகும், செலவே ஆகாம சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்டீல் டியூப் மேல 625ங்கற நிக்கல் அலாயை ஒரு லேயரா ஓவர்லே வெல்டிங் பண்றது இங்க வழக்கம், நல்லாவும் ஓடுது, ஆனா டியூப் மெட்டல் 400 டிகிரி தாண்டினா அதுவும் கரைய ஆரம்பிக்கும். நீராவி சூட்டை ஏத்தி இன்னும் கரண்ட் எடுக்கலாம்னு ஆசைப்படறவங்க முட்டிக்கற சுவர் இது தான்.

625, 718ங்கற அலாய் ரெண்டும் எங்கயும் கிடைக்குது, எல்லாத்துக்கும் அதையே போட்டா என்ன?

718 லோடு தாங்கறதுக்காக செஞ்ச அலாய், 650 டிகிரி சுமாருக்கு மேல அதை பலமாக்கற துகளே மாறிப் போயிடும், அதை 900 டிகிரி ஃபர்னஸ்ல போடறது வீண். 625 அருமையான அலாய் தான், ஆனா அதுல 8ல இருந்து 10 சதவீதம் மாலிப்டினமும் 3.15ல இருந்து 4.15 நயோபியமும் இருக்கறது ஈரமான அரிப்புக்கும் பலத்துக்கும். 1000 டிகிரி காத்துல அது ரெண்டும் உதவாது, மாலிப்டினம் ஆக்சைடு 795 டிகிரிலயே உருகும். கடல் தண்ணில நல்லா நிக்குதுங்கறதுக்காக சூட்டுலயும் நிக்கும்னு எடுத்துக்கறது இந்தத் துறைல அடிக்கடி நடக்கற தப்பு. 1100 டிகிரி காத்துன்னா 601, 602சிஏ, 214 மாதிரி பேருங்களைக் கேளுங்க. சூட்டோட பலமும் வேணும், ஷீட்டா வேணும்னா ஹேஸ்டலாய் எக்ஸ், அதை விட ஒரு படி மேல 230ங்கற அலாய்.

உருகின உப்புல, அதாவது ஃப்ளோரைடு மாதிரி, குரோமியம் தானே போடணும்?

அங்க தலைகீழ். ஃப்ளோரைடு உப்புல ஆக்சைடு லேயர் நிக்கவே நிக்காது, குரோமியம் தான் முதல்ல கரைஞ்சு போகும். அதனால அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்துல உருகின உப்பு ரியாக்டருக்காக ஹேஸ்டலாய் என் செஞ்சப்போ குரோமியத்தை 7 சதவீதத்துக்கு இறக்கி மாலிப்டினத்தை 16க்கு ஏத்தினாங்க. அந்த ரியாக்டர் 1965ல இருந்து 1969 வரைக்கும் ஓடினது, அரிப்பு கம்மி தான், ஆனா யுரேனியம் பிளக்கறப்போ வர்ற டெல்லூரியம் கிரெயின் எல்லைல புகுந்து மேல்பரப்புல விரிசல் விட வெச்சுது.

விமான டர்பைன் பிளேடுல குரோமியம் 6 சதவீதம் தான்னு படிச்சேன், இது எப்படி?

சிஎம்எஸ்எக்ஸ்-4ஐச் சொல்றீங்க, 6.5 சதவீதம். பலத்துக்கு ரெனியம், டங்ஸ்டன், டான்டலம் எல்லாம் உள்ள ஏத்தணும், கூடவே குரோமியமும் அதிகம் இருந்தா அலாய் தாங்காது, வருஷம் போகப் போக உள்ள ஊசி ஊசியா வேண்டாத ஃபேஸ் (வேற அமைப்புள்ள படிகம்) முளைச்சு பலத்தைக் குடிச்சுடும். அதனால குரோமியத்தை இறக்கி, 5.6 சதவீதம் அலுமினியத்தோட அலுமினா லேயரை நம்பி, மேல கோட்டிங் போட்டு ஓட்டறாங்க. விமானம் பறக்கற உயரத்துல காத்து சுத்தம், எரிபொருளும் சுத்தம். தரைல ஓடற டர்பைனுக்கு அந்த வசதி இல்லாததால ஐஎன்-738ல 16 சதவீதமும் ஐஎன்-939ல 22 சதவீதமும் குரோமியம் வெச்சிருக்காங்க, பலம் கொஞ்சம் கம்மி தான், பரவால்லன்னு.

கோட்டிங் போட்டா அலாய் எதுவா இருந்தாலும் சரியா?

கோட்டிங்கும் அதே வேலையைத் தான் செய்யுது, அலுமினியம் ஸ்டாக்கை மேல கொண்டு போய் வெக்குது. அலுமினைடு, அதுல பிளாட்டினம் சேர்த்தது, அப்புறம் எம்க்ராலின்னு சொல்ற நிக்கல் கோபால்ட் குரோமியம் அலுமினியம் இட்ரியம் கலவை. ரெண்டாவது வகை ஹாட் கரோஷனுக்கு குரோமியம் அதிகமான கோட்டிங், 1000க்கு மேல ஆக்சிடேஷனுக்கு அலுமினியம் அதிகமான கோட்டிங். ஒரே கோட்டிங் ரெண்டுக்கும்னு யாராவது வித்தா சந்தேகப்படுங்க. அது மேல வெள்ளையா போடறது சிர்கோனியா, 6ல இருந்து 8 சதவீதம் இட்ரியா கலந்தது, அது சூட்டைத் தடுக்கத் தான், ஆக்சிஜனைத் தடுக்காது, ஆக்சிஜன் அது வழியா சுலபமா போகும். கோட்டிங்ல இருக்கற அலுமினியம் வெளிப்பக்கம் ஆக்சைடாகவும் தீரும், உள்பக்கம் அலாய்க்குள்ள ஊறியும் தீரும். விமான இன்ஜின் மணல் புழுதியை இழுத்தா 1200 டிகிரி சுமாருக்கு மேல அந்தப் புழுதி கண்ணாடியா உருகி சிர்கோனியாவுக்குள்ள இறங்கி அதை உரிச்சுடும்.

வெல்டிங், ஃபேப்ரிகேஷன்ல கவனிக்க வேண்டியது?

சுத்தம். இதை எவ்வளவு சொன்னாலும் பத்தாது. கிரீஸ், கட்டிங் ஆயில், பெயின்ட், மார்க்கர், சூடு பாக்கற க்ரேயான், இதுல எல்லாம் சல்ஃபரோ ஈயமோ துத்தநாகமோ இருக்கலாம். துடைக்காம வெல்ட் பண்ணினாலோ அப்படியே ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ்ல தள்ளினாலோ மேல சொன்ன அந்த 640 டிகிரி விவகாரம் அங்கயே நடக்கும், விரல் ரேகை வடிவத்துல விரிசல் விழுந்த பார்ட் கூட வரும். அப்புறம் ஃபில்லர் கம்பி, அதாவது வெல்ட்ல உருக்கி நிரப்பற கம்பி: 601 மாதிரி அலாயை 625 கம்பியால வெல்ட் பண்ணினா பலம் இருக்கும், ஆனா 1100 டிகிரில வெல்ட் லைன் மட்டும் முதல்ல அரிக்கும், ஏன்னா அந்தக் கோடு மட்டும் 625 தான். ரொம்ப சூட்டுக்குப் போற இடத்துல அலாய்க்கு ஒத்த ஃபில்லரையே கேளுங்க.

போன பார்ட்டைப் பாத்து என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. முதல்ல கழுவாதீங்க! மேல இருக்கற சாம்பல் தான் சாட்சி, சல்ஃபேட், வனேடியம், குளோரைடு எதுன்னு அதுல தான் தெரியும், தண்ணி ஊத்தினா அதுல பாதி கரைஞ்சு போயிடும். அப்புறம் ஒரு காந்தம் எடுங்க. காந்தம் ஒட்டாத அலாய்ல ஒட்ட ஆரம்பிச்சா மேல்பக்கம் குரோமியம் போயிடுச்சுன்னு அர்த்தம், கிராக்கிங் டியூப்ல கார்புரைசேஷனை இப்படித் தான் சோதிக்கறாங்க. எல்லா பக்கமும் சமமா மெலிஞ்சா கேஸ் ஆக்சிடேஷன், ஒரு பக்கம் மட்டும் குழின்னா அங்க ஏதோ படிஞ்சிருக்கு இல்ல தீ நேரா அடிச்சிருக்கு. அதுக்கு மேல லேப்ல குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், வெட்டறப்போ தண்ணி இல்லாம எண்ணெய்ல வெட்டச் சொல்லுங்க.

புது அலாய் வாங்கப் போறேன், சப்ளையர்கிட்ட என்ன சொல்லணும்?

அவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்க பக்கத்து விவரத்தை எழுதிக் குடுங்க. மெட்டல் டெம்பரேச்சர், கேஸ் டெம்பரேச்சர் இல்ல, ரெண்டும் நூறு இருநூறு டிகிரி வித்தியாசப்படும். கேஸ்ல ஆக்சிஜன், நீராவி, சல்ஃபர், குளோரின், கார்பன் மோனாக்சைடு எவ்வளவு. என்ன எரிபொருள், என்ன சாம்பல். வாரத்துக்கு எத்தனை தடவை அணைச்சு ஏத்தறீங்க. தடிமன் என்ன, லோடு என்ன, எத்தனை வருஷம் வேணும். முன்னாடி போட்டது எது, அது எப்படி போச்சு, போட்டோ இருந்தா அதுவும். பிராண்ட் பேரை மட்டும் சொல்லாதீங்க, இன்கோனல்ங்கறது ஒரு கம்பெனியோட ட்ரேட்மார்க், அதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத டஜன் அலாய் இருக்கு, நம்பரோட கேளுங்க. மில் சர்டிஃபிகேட்ல (தயாரிச்ச ஆலை தர்ற கலவை விவரச் சான்று) குரோமியம், அலுமினியம், சல்ஃபர் மூணையும் உங்க கண்ணால பாருங்க, ஸ்பெக்குக்குள்ள இருந்தாலும் குரோமியம் கீழ் விளிம்புல இருக்கற ஹீட்டா (ஒரே தடவை உருக்கின அலாய் தொகுதி), மேல் விளிம்புல இருக்கற ஹீட்டான்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இதுல எந்த விவரமும் கேக்காம "1150 வரைக்கும் தாங்கும் சார், கவலைப்படாதீங்க"ன்னு உடனே விலை சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.